வெள்ளைச் சுவரும் தேக்கு மேசையும்

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. உனக்குப் போன மாதம் வந்த மூக்கடைப்பு போயிற்றா? சம்பளம் வாங்குகிற பெண்ணை இன்னும் வாலு என்று கூப்பிடலாமா என்று கோபித்துக்கொள்ளாதே. நான் உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அன்றே என் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த மூக்குக்கண்ணாடிகளை எல்லாம் மாட்டிப் பார்த்தவளுக்கு வேறு பெயர் பொருந்தாது.

ஒரு சந்தேகம். நீ வேலை செய்யும் வீட்டு அலங்காரக் கடையில் ஒரு அறைக்கு நாலே சாமான் வைத்து, நாற்பது சாமானின் விலை சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த ஸ்காண்டிநேவிய பாணி, அது எப்படிச் செய்கிறார்கள்? ஏன் கேட்கிறேன் என்றால், நம் கூடம் காலியாகிவிட்டது. சோபாவையும் டிவி வைத்திருந்த அலமாரியையும் வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று. இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுசாக, மற்ற இடமெல்லாம் பழசாக நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் டீ குடிப்பது?

போனில் கேட்டிருக்கலாம். போனில் பேசினால் நீதான் கேள்வி கேட்பாய். கடிதத்தில் நான் கேட்கலாம்.

உன் அண்ணன் வேலையாக வெளியே இருக்கிறார். பதில் போடு.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

மூக்கு திறந்துவிட்டது, இனி வாயை மூடுவதுதான் கஷ்டம். நீங்கள் நலம்தானே?

அண்ணி, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையில் எல்லாருக்கும் காட்டினேன். எங்கள் மேலாளரம்மா அந்தக் குளிர் நாடுகளில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். அங்கே பாதி வருடம் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வமாம். அதனால் கிடைக்கிற வெளிச்சத்தைச் சிந்தாமல் பிடித்து வைக்கத்தான் வெள்ளைச் சுவர், வெளிறிய மரம், கனத்த திரை இல்லாத ஜன்னல் எல்லாம். வாங்குவதில் ஆரம்பிக்காதீர்கள். எடுப்பதில்தான் ஆரம்பம். நீங்கள் பாதி வேலையைச் செய்துவிட்டீர்கள்.

முதலில் அந்தக் கூடத்து டியூப் லைட்டை அணையுங்கள். ஒரே விளக்கை உச்சியில் போட்டு எல்லாரையும் குற்றவாளி மாதிரி உட்கார வைப்பது நம் வழக்கம். அவர்கள் சின்னச் சின்ன விளக்குகளை, உட்கார்ந்தால் கண்மட்டத்துக்கு வருகிற மாதிரி, மூலைக்கு ஒன்றாக வைப்பார்கள். செய்து பாருங்கள். வீட்டுக்கு ஒரு வரைபடமும் போட்டு அனுப்புங்கள், எது எங்கே இருக்கிறது என்று.

இன்னொரு வேடிக்கை. அங்கே கணவன் மனைவிக்குக் கட்டில் ஒன்று, போர்வை இரண்டு. ஆளுக்கொன்று. ராத்திரி இழுபறியே கிடையாது. அண்ணன் போர்வை முழுவதையும் சுருட்டிக்கொள்வான் என்று நீங்கள் புலம்புவீர்களே, தீர்ந்தது பிரச்சினை.

ஆமாம், சோபாவை யாருக்குக் கொடுத்தீர்கள்? அதில் படுத்துச் செய்தி பார்க்காவிட்டால் அண்ணனுக்குச் சோறு இறங்காதே, எப்படி விட்டான்? அவனுக்கு என் அன்பு.

வாலு


மார்ச் 15

அன்புள்ள வாலு,

நலம். உன் நலம் உன் கையெழுத்தின் துள்ளலிலேயே தெரிகிறது.

டியூப் லைட்டை அணைத்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு வெளிச்சம் பார்க்கிற எனக்கு, என் வீட்டு வெளிச்சம் இத்தனை நாள் உறுத்தவே இல்லை, பார். மேசை விளக்கைத் தரையில் வைத்தேன், என் நிழல் கூரை வரைக்கும் போய்ப் பயமுறுத்தியது. ஸ்டூல் மேல் வைத்தேன், முகம் நன்றாக இருந்தது. சுவரில் பட்டுத் திரும்பி வரும்படி மூலையைப் பார்த்துத் திருப்பினேன். கூடம் அப்படியே இளகிவிட்டது. ஏன் அப்படி? நேராக வரும் வெளிச்சத்தைவிடத் திரும்பி வரும் வெளிச்சம் ஏன் சுகமாக இருக்கிறது?

பெயிண்ட் கடையில் வெள்ளை கேட்டால் "எந்த வெள்ளைம்மா?" என்கிறார். வெள்ளையில் இத்தனை சாதியா? நீலம் கலந்தது, மஞ்சள் கலந்தது, சாம்பல் கலந்தது. எதை வாங்க?

வரைபடம் வைத்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையைச் சுவர் ஓரத்திலிருந்து ஜன்னல் பக்கம் மாற்றியிருக்கிறேன். நானே, ஒற்றை ஆளாக. உன் அப்பா உயிராக வைத்திருந்த தேக்கு மேசையை ஒருத்தியாக நகர்த்தினேன் என்றால் எனக்கு எத்தனை பலம் வந்துவிட்டது என்று பார்த்துக்கொள். சாயங்காலம் வந்ததும் அதில்தான் உட்காருகிறேன். அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் உனக்குக் கடிதம்.

இரண்டு போர்வை நல்ல யோசனைதான். இங்கே ஒன்றே போதும்.

எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே, வாலு. வீட்டுக்கு வந்து பையை இறக்குவதற்கு முன்னால் கடிதப் பெட்டியைத்தான் திறக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா? இங்கே எல்லாம் சுகம்.

மஞ்சள் துளி கலந்த வெள்ளையை வாங்குங்கள். உங்கள் கூடத்துக்கு வெயில் நேராக வராது. நீலம் கலந்தால் ஆஸ்பத்திரி ஆகிவிடும். திரும்பி வரும் வெளிச்சத்தைப் பற்றி மேலாளரம்மாவைக் கேட்டேன். "சுவர்ல பட்டா வெளிச்சம் பெருசாப் பரவி வருது, அதனால நிழலுக்கு ஓரம் கிடையாது, அவ்வளவுதான்" என்றார்.

வரைபடத்தை நன்றாகப் பார்த்தேன். இதுதானே என் தொழில்? மேசைக்கு நாற்காலி ஒன்றுதான் போட்டிருக்கிறீர்கள். வாசல் பக்கம் பை மாட்ட ஒரு கொக்கி. கட்டில் பக்கம் ஒரு விளக்கு. புத்தக அலமாரியையே காணோம். பாணி பிடித்துவிட்டது, சரி, ஆனால் எங்கள் கடையிலேயே இத்தனை சிக்கனம் இல்லை. அண்ணன் எங்கே உட்காருகிறான்? வேலை இன்னும் முடியவில்லையா?

ஒரு நல்ல செய்தி. கடைக்காக, நிஜமான ஆட்கள் வாழ்கிற வீடு ஒன்றைப் படமெடுக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் வீட்டைச் சொல்லிவிட்டேன். ஆகஸ்டில் படக்காரரோடு வருகிறேன். அண்ணனை ஒரு நல்ல சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அவனையும் ஜன்னல் பக்கம் உட்கார வைத்து எடுக்கலாம். அவனுக்கு என் அன்பு.

வாலு


ஏப்ரல் 24

அன்புத் தங்கைக்கு,

நலம், உன் நலம் தெரியவேண்டும். படமெடுக்க வரப்போவதாக என் ஆபீஸ் விலாசத்துக்குத் தனியாக எழுதியிருந்தாய். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஜனவரியிலிருந்து அங்கே இல்லை. ஆபீஸ் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டேன். சண்டை என்று ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். அந்த வீட்டை அவளே வைத்துக்கொள்ளட்டும். சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வருகிறேன், அவளும் குறுக்கே பேசவில்லை. மேசை விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறாள். அப்பா வாங்கிய தேக்கு மேசை, முறைப்படி எனக்கு வரவேண்டியது. அதன் மதிப்பு அவளுக்கு என்ன தெரியும்? ஜூன் கடைசியில் வண்டியோடு போகிறேன். நீதான் அவளோடு ஒட்டி உறவாடுகிறாயே, எடுத்துச் சொல். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.

அண்ணன்


மே 1

அண்ணா,

நலம். உன் நலத்தை உன் கடிதம் சொல்லிவிட்டது.

குடும்பம் பிரிந்த செய்தியைத் தங்கைக்குச் சொல்ல ஒரு மேசை தேவைப்பட்டிருக்கிறது உனக்கு. மேசை இல்லாவிட்டால் எனக்கு எப்போது தெரிந்திருக்கும்? மேற்கொண்டு எழுதினால் மரியாதை கெடும்.

மேசையைப் பற்றி அண்ணிக்கு எழுதுகிறேன். என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

தங்கை


மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்கவேண்டும். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

சுவர் உலர்ந்திருக்கும். இனி மேசை. இந்தப் பாணியில் வீட்டுக்கு ஒரு பெரிய பொருள் இருக்கும். மற்றதெல்லாம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். உங்களுக்கு அது மேசைதான். ஆனால் அந்தக் கறுத்த பாலிஷோடு அது வெள்ளைக் கூடத்தில் எருமை மாதிரி படுத்திருக்கும். பாலிஷை உரித்துவிடுங்கள்.

பெயிண்ட் கடையில் பாலிஷ் உரிக்கும் மருந்து கேளுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு தடவினால் பொருக்குப் பொருக்காகக் கிளம்பும். இரும்புப் பட்டையால் சுரண்டுங்கள். பிறகு உப்புத்தாள், முதலில் முரடு, அப்புறம் மெல்லிசு. மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்கவேண்டும், குறுக்கே போனால் கீறல் விழும். கடைசியில் வாசனை சேர்க்காத சோப்பைத் துருவி வெந்நீரில் கரைத்து, துணியில் தொட்டுத் துடைத்துக் காயவிட்டு, மறுபடியும் துடைக்கவேண்டும். அந்த நாட்டுக்காரர்கள் தரையைக்கூட இப்படித்தான் பராமரிக்கிறார்களாம். எண்ணெயும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். துடைக்கத் துடைக்க மரம் வெளுத்துக்கொண்டே வரும்.

ஜூன் முடிவதற்குள் முடித்துவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். மேல்பலகையில் ஆரம்பியுங்கள்.

படக்காரர் வரப்போவதில்லை. வேறு வீடு கிடைத்துவிட்டது. நான் மட்டும் வருவேன்.

உங்கள் வாலு


ஜூன் 12

அன்புள்ள வாலு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தோள்பட்டை மட்டும் என்னுடையது இல்லை போலிருக்கிறது. உன் உப்புத்தாளின் உபயம்.

முதலில் பெரிய தயக்கம். ஊரில் யார் வந்தாலும் உன் அப்பா அந்த மேசையைத் தட்டிக் காட்டி "தேக்கு, அசல் தேக்கு" என்பாரே, அதை எப்படி உரிப்பது? இரண்டு நாள் மருந்து டப்பாவைத் திறக்காமல் சுற்றி வந்தேன். அப்புறம் உனக்குத் தெரியாததா என்று ஆரம்பித்தேன். மேலே கறுப்பு, அதன் கீழே சிவப்பு, அதற்கும் கீழே என்ன வரும் என்கிற ஆசையிலேயே கை நிற்கவில்லை. வந்ததைப் பார்த்ததும்தான் கை நின்றது. வாலு, அது தோல் சீவிய உருளைக்கிழங்கு நிறத்தில் இருக்கிறது. நடுவில் வட்ட வட்டமாகக் கணுக்கள்.

நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். தெருமுனைத் தச்சரைக் கூட்டிவந்தேன். நகத்தால் கீறினார், முகர்ந்தார், பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "இது தேக்கும் இல்ல, தேக்கோட ஒண்ணுவிட்ட தம்பியும் இல்லம்மா. பெட்டி அடிக்கிற பைன் மரம். பாலிஷ் போட்டவன்தான் கெட்டிக்காரன்" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஏனென்று தெரியவில்லை, கொஞ்சம் அழுகையும் வந்தது. இத்தனை வருடம் அதன் மேல் சூடான பாத்திரம் வைக்கக்கூடப் பயந்திருக்கிறேன். மரத்தைப் பார்த்தால் ஏமாற்றமே இல்லை. கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. இதைப் போய் ஏன் மறைத்தார்கள்?

இன்னொரு கேள்வி. உன் கடிதம் எதுவும் அண்ணன் நலமா என்று கேட்காமலோ, அவனுக்கு என் அன்பு என்று சொல்லாமலோ முடிந்ததில்லை. இந்தமுறை இல்லை. மறந்துவிட்டாயா?

அண்ணி


ஜூலை 8

அன்புள்ள வாலு,

நலமா? உன்னிடமிருந்து பதில் வரவில்லை. நானே எழுதுகிறேன்.

உன் அண்ணன் வந்திருந்தார். வண்டியோடும், தூக்க நாலு ஆளோடும். "வெளியே வேலையாக" என்று எழுதியிருந்தேனே, அது பொய். ஜனவரியிலேயே போய்விட்டார். சோபா போனது, அலமாரி போனது, நாற்காலிகள் போனது எல்லாம் அங்கேதான். ஒவ்வொன்றும் போகப் போக, பாணி பாணி என்று உனக்கு எழுதினேன். வீடு காலியாகிறது என்று எழுதுவதைவிட அது கௌரவமாக இருந்தது. பிறகு பாணியே பிடித்துவிட்டது, அதுவும் நிஜம்.

மேசையைப் பார்த்ததும் அவருக்கு முகமே மாறிவிட்டது. தட்டினார். குனிந்து பார்த்தார். "அப்பா தேக்குன்னு சொன்னாரே" என்றார். ஆட்களில் ஒருவர் ஒரு முனையை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டி, "சார், இதுக்கு நாங்க நாலு பேர் எதுக்கு?" என்று கேட்டார். மேசை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வண்டி காலியாகப் போயிற்று.

போகும்போது வாசலில் நின்று, "வாலுகிட்ட ஏப்ரல்லயே எழுதியிருந்தேனே, அவ உங்கிட்ட சொல்லலையா?" என்றார்.

ஏப்ரலிலேயே தெரியுமா உனக்கு? தெரிந்துகொண்டா சோப்பைத் துருவு, துணியில் தொடு என்று எனக்குப் பாடம் நடத்தினாய்? எனக்குக் கோபம் வாலு. அழுத்தக்காரி என்று வாய்விட்டே திட்டினேன். ஆனால் கோபம் அதற்கு இல்லை, இத்தனை நாள் நான் தனியாகப் பயந்துகொண்டிருந்ததற்கு. உன்னிடம் நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அவர் உன் ரத்தம். நான் நடுவில் வந்தவள். சோபா போனதைப் போல நீயும் அந்தப் பக்கம் போய்விடுவாய் என்று பயந்தேன். இந்த வீட்டிலிருந்து எது போனாலும் தாங்கினேன், அது மட்டும் முடியாது என்று தோன்றியது.

இப்போது சொல். இனி நான் உனக்கு யார்? பரிதாபப்பட்டு எழுதுவதாக இருந்தால் எழுதாதே.

(கையெழுத்து என்ன போடுவது என்று தெரியவில்லை)


ஜூலை 16

அண்ணி,

நலமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், நலமா?

உங்கள் ஜூன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், அதுவே வேலையாக இருந்தது. மறந்துவிட்டாயா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் உங்கள் கதவைத் திறந்த மாதிரி ஆகும். உங்களுக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல்லட்டும் என்று இருந்தேன். அது அழுத்தம் என்றால் அழுத்தம்தான். திட்டுங்கள்.

மேசை தேக்கு இல்லை என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த வீட்டில் எல்லாரும் மேசைக்கு மேலே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்து விளையாடியவள் நான் ஒருத்திதான். அடிப்பக்கம் பாலிஷ் போடவே இல்லை, அண்ணி. வெள்ளை வெளேரென்று, கணுக்களோடு அப்படியே இருக்கும். கணுக்களுக்கெல்லாம் பென்சிலால் கண்ணும் மீசையும் வரைந்து வைத்திருக்கிறேன். குனிந்து பாருங்கள், இன்னும் இருக்கும். அப்பா பெருமையாகத் தட்டிக் காட்டும்போது எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

தேக்கு என்றால் அண்ணன் விடமாட்டான். பைன் என்றால் திரும்பிப் பார்க்கமாட்டான். அவனை எனக்குத் தெரியும். ஒற்றை ஆளாக நகர்த்தினேன், அதில்தான் கடிதம் எழுதுகிறேன் என்று நீங்கள் எழுதியபோதே அந்த மேசை யாருடையது என்று எனக்கு முடிவாகிவிட்டது. அதனால்தான் மேல்பலகையில் ஆரம்பிக்கச் சொன்னேன். அண்ணனுக்கும் உண்மையை எழுதிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். இறங்குவான்.

யார் என்று கேட்டீர்களே. உங்களை இந்த வீட்டுக்கு அண்ணன் கூட்டிவந்தான், சரி. அண்ணி என்று கூப்பிட்டது நான். நான் கூப்பிட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவனால் முடியாது. என்னாலேயே முடியாது.

ஆகஸ்டில் வருகிறேன். பத்து நாள் இருப்பேன். நாற்காலி ஒன்றுதான் என்றால் தரையில் உட்காருகிறேன், மேசைக்கு அடியில் எனக்குப் பழகிய இடம்.

உங்கள் வாலு


ஆகஸ்ட் 4

அன்புள்ள வாலு,

நலம். இந்த முறை நிஜமாகவே நலம்.

டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்து பார்த்தேன். மீசை வைத்த ஆள் ஒருவர், ஒற்றைக் கண் பூனை ஒன்று, அப்புறம் மூக்கில் பெரிய கண்ணாடி மாட்டிய ஒரு பெண். அந்தப் பெண் யார், நானா? நான் வந்தபிறகும் நீ கீழே புகுந்து வரைந்திருக்கிறாய், திருட்டுக்கழுதை. அடிப்பக்கத்தில் உப்புத்தாள் படாது. அது அப்படியே இருக்கும்.

பழைய சாமான் கடையில் ஒரு நாற்காலி வாங்கினேன். முன்னால் இருக்கிற நாற்காலிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்றுக்கு முதுகு நேர், மற்றதற்கு வளைவு. உங்கள் பாணியில் இது குற்றமா? குற்றம் என்றாலும் மாற்றப்போவதில்லை. வாசலில் இன்னொரு கொக்கி அடித்தாயிற்று. ஜன்னலில் விளக்கு வைத்திருக்கிறேன், தெருவில் திரும்பும்போதே உனக்குத் தெரியும். வெளிச்சம் சுவரில் பட்டு உனக்குத் திரும்பி வருகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

வரும்போது ஒன்றும் வாங்கி வராதே. இந்த வீட்டில் சாமான் சேர்க்கக்கூடாது என்று நீதான் சொன்னாய்.

போர்வை மட்டும் இரண்டு வாங்கிவிட்டேன்.

உன்
அண்ணி